ஷெட்டுக்குள் கால் வைக்காத டெய்லரம்மா

என் ஓரகத்தியைத் தெருவில் எல்லோரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரரின் தம்பி பெயிண்டர். அவனுடைய மனைவிதான் இவள். நாங்கள் இருப்பது ஒரே காம்பவுண்டு. முன் போர்ஷன் எங்களுக்கு, பின் போர்ஷன் அவர்களுக்கு, நடுவில் ஓர் ஆள் போகிற அகலத்துக்கு ஒரு நடை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர் என்பதால் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்குப் பேச்சுத்துணை, சண்டைத்துணை எல்லாம் அவள்தான்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே என் ஜாக்கெட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "அக்கா, இதைத் தைச்சவருக்கு உங்க மேல என்ன கோபம்?" என்று கேட்டாள். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள் நான். இன்னும் நிறுத்தவில்லை.

வாய்தான் அப்படி. வேலையில் விளையாட்டே கிடையாது. ஒரு கடைக்குப் பாவாடையும் நைட்டியும் தைத்துக் கொடுக்கிறாள். ஒரு தையல் கோணலாக விழுந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "உள்பக்கம்தானேம்மா, யாரு பாக்கப் போறாங்க?" என்று கடைக்காரர் சொன்னால், "நான் பார்த்துத் தொலைச்சிட்டேனே" என்று அவர் எதிரிலேயே பிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இத்தனை வேலையையும் அவள் செய்தது அந்த நடையில் உட்கார்ந்துதான். அங்கே வெளிச்சம் வராது. பகலிலேயே பல்பு எரிய வேண்டும். மழை பெய்தால் சாரல், வெயில் அடித்தால் புழுக்கம். யாராவது போகும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வழிவிட வேண்டும். ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கொல்லைப்பக்கம் ஒரு ஷெட் இருக்கிறது. நல்ல காற்று, கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பெருமூச்சு விடுவாள். ஆனால் உள்ளே இருந்தது யார் என்று கேட்கிறீர்களா? பெயிண்டருடைய ஏணி, டப்பாக்கள், அப்புறம் அவனுடைய கோழிகள்.

கொழுந்தனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தங்கமான பிள்ளை. ஆனால் வேலை பார்த்த இடத்தில் மிஞ்சுகிற பெயிண்டைக் கொண்டுவந்து வீட்டில் எதன் மேலாவது அடிக்காவிட்டால் அவனுக்குக் கை அரிக்கும். ஒரு வருஷம் எங்கேயோ வானநீலம் நிறைய மிஞ்சிவிட்டது. எங்கள் கேட் வானநீலம், குழாய் வானநீலம், வாளி வானநீலம். "அசையாம நிக்காதீங்க அக்கா, நம்மளையும் அடிச்சிடுவாரு" என்பாள் டெய்லரம்மா.

அந்த வானநீலத்தில்தான் கோழிகளுக்குப் பெட்டி செய்தான். அதுவரை பழைய கூடைகளில்தான் கோழிகளை அடை வைத்துக்கொண்டிருந்தான். ஒன்று ஓட்டைக் கூடை, ஒன்று வாய் கோணின கூடை, இன்னொன்று பிளாஸ்டிக். அவன் கண்ணுக்கு அது அசிங்கமாகப் பட்டது. பலகை வாங்கி, ஒரே அளவாக மூன்று பெட்டி அடித்து, ஒரே நீலம் பூசி, மட்டப்பலகை பிடித்து வரிசையாக வைத்தான். கூப்பிட்டுக் காட்டினான்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"ஆபீஸ் மாதிரி இருக்கு தம்பி" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. அந்தப் பெட்டியில் வைத்த முதல் அடை பாழாய்ப் போயிற்று. பாதிக்கு மேல் கூமுட்டை. அடுத்த அடையும் அப்படியே. உடைத்துப் பார்த்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. இடி இடித்ததால் முட்டை கலங்கிவிட்டது என்றான் பெயிண்டர். சேவல் சரியில்லை என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தே கெடுக்கறீங்க" என்றாள் டெய்லரம்மா. ஆண்டவன் ஒரு கதவைச் சாத்தினால் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் என்னவென்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இரண்டாவது அடையின் முட்டைகளைக் குழிதோண்டிப் புதைத்த அன்றைக்கு டெய்லரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, போதும். கோழிகளை யாருக்காவது குடுத்துட்டு ஷெட்டைக் காலி பண்ணுங்க. என் கண்ணு போகுது இந்த இருட்டுல."

பெயிண்டர் மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோழிகளை விடுவது என்றால் உயிரை விடுகிற மாதிரி. வேலைக்குப் போய் வந்ததும் முதலில் ஷெட்டுக்குள் போய்க் கோழிகளோடு பேசிவிட்டுத்தான் முகம் கழுவுவான்.

"இன்னும் ஒரே ஒரு அடை. அதுவும் பொரிக்கலேன்னா நானே காலி பண்ணித் தர்றேன். உன் மெஷினை நானே தூக்கிட்டுப் போய் வைக்கிறேன்."

"பொரிச்சிட்டா?"

"பொரிச்சிட்டா ஷெட்டுங்கற பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"சரி. அதுவரைக்கும் நான் அதுக்குள்ள கால் வைக்க மாட்டேன். வச்சா மெஷினோடதான் வைப்பேன்."

"அண்ணி, நீங்க சாட்சி" என்றான் அவன்.

"அக்கா, நீங்கதான் சாட்சி" என்றாள் அவள்.

நான் துணி காயப்போட வந்தவள். கையில் ஈரத்துணியோடு சாட்சியாகிவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு கோழிகள் ஒன்றாக அடைக்கு வந்தன. ஒன்று மாமியார். பழுப்புநிறம், கனத்த உடம்பு, பக்கத்தில் போனாலே கொத்தும். அந்தப் பெயரை வைத்தது டெய்லரம்மா. எங்கள் மாமியார் பரம சாது, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று ஊமைச்சி. கறுப்பு, பயந்த சுபாவம், வாயே திறக்காது.

அடைக்கு வந்த கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? முட்டையிடுவதை நிறுத்திவிடும். இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, தட்டையாகப் பரப்பி உட்கார்ந்துவிடும். கை வைத்தால் அடிவயிறு காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதிக்கும். தீனி தண்ணீருக்கு நாளைக்கு ஒருதரம் இறங்கி வரும். அவசர அவசரமாக நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்ப உட்காரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் ஆறவிட்டால்தான் வம்பு.

பெயிண்டர் இந்த முறை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தான். நீளமான முட்டை, விரிசல் முட்டை எல்லாவற்றையும் ஒதுக்கினான். பேன் வராமல் இருக்க அடியில் சாம்பல் தூவி, மேலே வைக்கோல் பரப்பினான். மற்றக் கோழி வந்து புதுசாக முட்டை போட்டுவிட்டால் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போட்டான். இந்தக் கோடியில் மாமியார், அந்தக் கோடியில் ஊமைச்சி, நடுப்பெட்டி காலி. "தாயே, மானத்தைக் காப்பாத்துங்க" என்று இரண்டையும் கும்பிட்டான். காலையில் தீனி வைத்துவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். வரும்போது இரண்டும் அதது இடத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

டெய்லரம்மா ஷெட் பக்கமே போகவில்லை. கொல்லைக்குப் போனால்கூட ஷெட் வாசலைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். "எப்படியும் பொரிக்காது அக்கா. ரெண்டு தடவை பொரிக்காதது மூணாந்தடவை பொரிச்சிடுமா? ஜன்னலுக்கு ஒரு திரை தைச்சு வச்சிருக்கேன்" என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். ஒருநாள் அங்கே தண்ணீர் வரவில்லை என்று மத்தியானத்துக்கு முன்பே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் நடையில் மெஷின் சத்தம் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. பல்பை அணைக்காமல் எழுந்து போகிறவள் இல்லையே என்று கொல்லைக்குப் போனேன். ஷெட் கதவு திறந்திருந்தது.

உள்ளே கழுத்தில் இஞ்ச் டேப்போடு டெய்லரம்மா நின்றிருந்தாள். கையில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டி. ஜன்னலுக்குக் கீழே சுவரில், மெஷின் எங்கே, துணி வெட்டுகிற மேஜை எங்கே என்று வெள்ளையாகக் கோடு போட்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் முகம் வெளுத்தாலும், கண் வேறு எங்கேயோ இருந்தது.

"சத்தம் போடாதீங்க. இங்க வாங்க. இதைப் பாருங்க."

மாமியார் பெட்டிக்குள் இரண்டு வால் தெரிந்தது. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. இரண்டு கோழியும் ஒரே பெட்டியில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்தக் கோடியில் ஊமைச்சியின் பெட்டியில் முட்டைகள் திறந்து கிடந்தன.

டெய்லரம்மா அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆறிக்கிட்டே வருது அக்கா. நான் வந்தே எவ்வளவோ நேரமாச்சு. அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரமோ."

"சாயங்காலம் தம்பி வரும்போது சரியா உட்கார்ந்திருக்கே?"

"மாமியார் கொத்திக் கொத்தித் துரத்திடும்போல. அப்புறம் இது தன் இடத்துக்குப் போயிடுது. அதுக்குள்ள முட்டை செத்துடும். ரெண்டு அடையும் போனது இப்படித்தான்."

முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் மெல்லச் சொன்னாள்: "ஷெட் என் கைக்கு வந்தாச்சு அக்கா. இந்தக் கதவைச் சாத்திட்டுப் போய் மெஷின்ல உட்கார்ந்தா போதும்."

நான் ஊமைச்சியின் முட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏதாவது சொல்லுங்களேன்."

"நான் வெறும் சாட்சிம்மா."

என்னை முறைத்தாள். பிறகு செல்போன் லைட்டைப் போட்டு, அதன் மேல் முட்டையை வைத்துக் கையால் பொத்திப் பார்த்தாள். நானும் குனிந்தேன். முட்டைக்குள் செக்கச்செவேல் என்று நூல் நூலாக ஓடியது. நடுவில் ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு ஒருதரம் வெடுக்கென்று புரண்டது.

அவள் முட்டையைப் பூப்போல வைத்துவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மாமியார் பெட்டிக்குள் கை விட்டாள். மாமியார் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரே கொத்து. "ஐயோ, சனியனே, உன்னை இல்லடி, அவளை!" என்று கத்திக்கொண்டே ஊமைச்சியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் முட்டைகள் மேல் உட்கார வைத்தாள். ஊமைச்சி காலால் முட்டைகளைத் தள்ளி அணைத்துக்கொண்டு உடம்பை இறக்கியது. எனக்கு மனதுக்குள் ஆண்டவனே என்று வந்தது.

"அக்கா, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நான் உள்ள வந்தேன்னு தெரிஞ்சா மானம் போயிடும்."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா பொய் சொல்ல வராது எனக்கு."

"உங்களோட ஒரே ரோதனை" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெயிண்டர் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டான். மத்தியானம் இருவரும் ஷெட் வாசலில் மறைந்து நின்று பார்த்தோம். ஊமைச்சி இறங்கி வந்தது. தின்றது, குடித்தது, சாம்பலில் புரண்டது. திரும்பி வந்து பெட்டிகளுக்கு முன்னால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இந்தப் பெட்டியைப் பார்த்தது, அந்தப் பெட்டியைப் பார்த்தது. புதுசாகக் கட்டின லைன் வீடுகளில் விருந்தாளி கதவு தேடுவது போல இருந்தது. அப்புறம் நேராக மாமியார் பெட்டிக்குள் நுழைந்துவிட்டது.

"அது மேல தப்பே இல்ல அக்கா" என்றாள் டெய்லரம்மா. "மூணும் ஒரே அளவு, ஒரே கலரு. யாருக்குத்தான் தெரியும்? ஒரே துணியில அஞ்சாறு பேருக்குத் தைக்கும்போது நானே ஆளுக்கு ஒரு கலர்ல நூல் முடிச்சுப் போட்டுத்தான் வைப்பேன். இல்லேன்னா மாத்திக் குடுத்துடுவேன்."

அவள் வெட்டுத்துணி மூட்டையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து வந்தாள். மாமியார் பெட்டி வாசலில் சிவப்புக் கட்டம், ஊமைச்சி வாசலில் மஞ்சள் பூ. ஆணி அடித்து, பாதி வாசல் மறைகிற மாதிரித் தொங்கவிட்டாள். நடுப்பெட்டியைப் பலகை வைத்து அடைத்தாள். மாமியாரிடமிருந்து பிரித்து இறக்கிவிட்ட ஊமைச்சி முதலில் துணியைப் பார்த்து மிரண்டது. பிறகு தலையைக் குனிந்து நுழைந்தது. சோதனைக்கு இன்னொரு தரம் இறக்கிவிட்டபோது ஒரு கணம் நின்று, மஞ்சள் பூவைப் பார்த்ததும் விடுவிடுவென்று போய்விட்டது.

ஆனால் சாயங்காலம் வந்த பெயிண்டர் கண்ணில் படாமல் இருக்குமா?

"என் பெட்டியில கந்தல் துணியத் தொங்கவிட்டது யாரு? அண்ணி, நீங்களா?"

"துணி நம்ம வீட்டுத் துணிதான் தம்பி" என்றேன்.

"அது தெரியுது. யாரு மாட்டினது?"

"கோழிக்கு வழி தெரியணும்ல?"

"அண்ணி, நான் கேட்டது யாருன்னு."

"அடுப்புல சோறு வச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டேன். உண்மையிலேயே வைத்திருந்தேன்.

அவன் திரும்ப ஷெட்டுக்குள் போனான். அப்போதுதான் சுவரில் இருந்த சாக்கட்டிக் கோடுகளைப் பார்த்திருக்கிறான். வெளியே வரும்போது அவன் முகமே மாறியிருந்தது. நடையில் வந்து மெஷின் முன்னால் நின்றான்.

"முட்டை இன்னும் உள்ள இருக்கும்போதே மெஷினுக்கு இடம் அளந்துட்டியா?"

அவள் தலையைத் தூக்கவில்லை.

"கோழிய மிரள வைக்கத்தானே துணியக் கட்டின? அடை கெட்டுப்போகணும், அவ்வளவுதானே உனக்கு?"

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"ஆமா. மிரள வைக்கத்தான்" என்றாள் அவனிடம். மெஷினை விர்ரென்று ஓட்டினாள். அவன் போய் இரண்டு துணியையும் கிழித்து எறிந்துவிட்டு வந்தான்.

"ஏம்மா, நீ காப்பாத்தினேன்னு சொன்னா என்ன?" என்று அப்புறம் கேட்டேன்.

"இத்தனை வருஷம் கூட இருந்துட்டு என்னை அப்படி நினைக்கறாரு இல்ல? நினைச்சுக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா அந்த ஊமை என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்றைக்கே புதுத் துணி வெட்டினாள். இந்த முறை ஆணியில் டக்கென்று மாட்டவும் எடுக்கவும் தோதாக நாடாவில் வளையம் மாதிரிக் காது வைத்துத் தைத்தாள். தினம் அவன் வேலைக்குப் போனதும் துணி ஏறும். சாயங்காலம் அவன் வருவதற்குள் இறங்கி மெஷின் டிராயருக்குள் போய்விடும். நான் வீட்டில் இருந்தால் கேட் பக்கம் நிற்பது என் வேலை. ஒருநாள் அவன் சீக்கிரம் வந்துவிட்டான். நான் ஓங்கி இருமினேன். அவள் துணிகளை முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஓடி வந்து, நாற்காலியில் விழுந்து, ஊசியில் நூலே இல்லாமல் மெஷினை ஓட்டினாள்.

"உடம்பு சரியில்லையா அண்ணி?" என்று கேட்டான் அவன்.

"கொஞ்சம் படபடப்பா இருக்கு தம்பி" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது நின்றுபோயிற்று. சோறு வேண்டுமா, குழம்பு வேண்டுமா என்பதைக்கூட என் வழியாகக் கேட்டார்கள். நடையில் நின்று நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பொரிக்கிற நாள் விடுமுறை நாளாக அமைந்துவிட்டது. பெயிண்டர் காலையிலிருந்தே ஷெட்டில் இருந்தான். அதனால் துணி ஏறவில்லை. மாமியாரின் அடியில் முதல் குஞ்சு வந்துவிட்டது. அவன் குரலை அடக்கிக்கொண்டு, "அண்ணி! கீச்சுங்குது!" என்று கூப்பிட்டான். நான் ஓடினேன். பழுப்பு இறகுக்கு நடுவிலிருந்து ஈரத்தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஊமைச்சியின் முட்டைகளிலும் கீறல் விழுந்திருந்தது. ஒன்றில் மூக்கு வெளியே தெரிந்தது. நடையில் மெஷின் ஓடவுமில்லை, நிற்கவுமில்லை. நாலு தையல் ஓடும், நின்று காது கொடுக்கும்.

அப்போது ஊமைச்சி தீனிக்கு இறங்கியது. இரண்டு வாய் தின்றது. மாமியார் பெட்டியிலிருந்து கீச்சு கீச்சென்று சத்தம் வந்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு அங்கே ஓடியது. அதுவும் தாய்தானே, குஞ்சு கூப்பிட்டால் போகாதா? மாமியார் சீறியது. பெட்டிக்குள் சண்டை. ஈரக் குஞ்சு காலடியில் சிக்கிக் கத்தியது. பெயிண்டர் ஊமைச்சியைப் பிடித்து அதன் பெட்டியில் விட்டான். வெளியே வந்துவிட்டது. திரும்ப விட்டான். அவன் கைக்கு நடுவில் புகுந்து ஓடியது. கீறல் விழுந்த முட்டைகள் திறந்து கிடந்தன. மூக்கு வெளியே வந்த முட்டையில் அந்தச் சின்ன மூக்கு அசைவது குறைந்துகொண்டே வந்தது.

"அண்ணி, என்ன பண்றது? இதுவும் போச்சா? சொல்லுங்க அண்ணி!"

மெஷின் நின்றது. டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. டெய்லரம்மா விறுவிறுவென்று வந்து ஷெட் வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தாள்.

"நகருங்க. அக்கா, அந்தப் பலகைய எடுத்து நடுவுல வைங்க. ஒண்ணை ஒண்ணு பாக்கக் கூடாது."

ஊமைச்சியை இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்தாள். மஞ்சள் பூத் துணியின் காதை ஆணியில் மாட்டினாள். கோழியை உள்ளே விட்டு, துணியை முழுவதுமாக இறக்கி இருட்டாக்கினாள். கை துணிக்கு மேலேயே இருந்தது. "இதுதான்டி உன் வீடு. உன் பிள்ளைங்க இங்க இருக்கு. கேளு, கேளு." துணிக்குள் கொஞ்ச நேரம் தடபுடல். பிறகு முட்டைக்குள்ளிருந்து ஒரு சன்னமான கீச். ஊமைச்சி அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்தது. தொண்டைக்குள்ளேயே கொக், கொக் என்று பதில் சொன்னது.

பெயிண்டர் பக்கத்தில் வந்து குனிந்தான். துணியின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தான். ஓரம் மடித்துப் பொடித் தையல் போட்டிருந்தது. காது இரட்டைத் தையல். ஆணிக்கும் காதுக்கும் பொருத்தம் அச்சாக இருந்தது. சிவப்புக் கட்டத்தையும் எடுத்துப் பார்த்தான். பலதரம் மாட்டி எடுத்ததில் காது தேய்ந்திருந்தது.

"அண்ணி, கெடுக்கணும்னு நினைக்கிறவ ஓரம் மடிச்சு அடிப்பாளா?" என்று கேட்டான். கேட்டது என்னை, பார்த்தது அவளை.

இனிமேல் மூடி வைத்து என்ன? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வால், செல்போன் லைட், கேட் பக்கம் இருமினது, எல்லாம். டெய்லரம்மா என்னைத் தடுக்கவில்லை. துணிக்கு மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தோத்துடுவேன்னு தெரிஞ்சேதான் பண்ணினியா?" என்றான் அவன்.

"உள்ள அசைஞ்சுதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அன்னிக்கு நான் பேசினது..."

"அதை அப்புறம் பேசிக்கலாம். நானும் நிறைய வச்சிருக்கேன் பேசறதுக்கு. இப்போ போய்த் தண்ணி வைங்க. ஆழமா வைக்காதீங்க, மூழ்கிடும். தட்டுல கூழாங்கல்லு போட்டு வைங்க."

"தீனி?"

"இன்னிக்கு வேணாம். குஞ்சு வயித்துல மஞ்சள் கரு இருக்கும், முதல் நாள் பசிக்காதுன்னு நீங்கதானே பெருமையடிப்பீங்க?"

ஊமைச்சியிடம் இரண்டு கூமுட்டை போக மற்றதெல்லாம் பொரிந்தது. கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்று பஞ்சு உருண்டைகள் துணிக்கு அடியிலிருந்து தலை நீட்டின. மூக்கு அசைவது குறைந்துபோன அந்தக் குஞ்சு எல்லோருக்கும் கடைசியாக வந்தது. நிற்க முடியாமல் இரண்டு தரம் விழுந்தது. டெய்லரம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது நிமிர்ந்து நின்று அவள் கையிலேயே எச்சம் போட்டது. "நன்றி விசுவாசத்தைப் பாருங்க" என்றாள். ஆனால் கையைக் கழுவப் போகவில்லை. நான் கண்ணை மூடி ஆண்டவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல நடையில் பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெயிண்டர் வந்து நின்றான்.

"எழுந்திரு. மெஷினைத் தூக்கணும்."

"எதுக்கு? நான் தோத்தாச்சு. ஷெட்டுங்கற பேச்சை எடுக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தாச்சு. சாட்சி இருக்காங்க."

"நீ எடுக்கக் கூடாதுன்னுதானே பேச்சு? நான் எடுக்கறேன். என்ன அண்ணி?"

"அப்படித்தான் பேச்சு" என்றேன். சாட்சி சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

ஏணியும் டப்பாக்களும் வெளிச்சுவர் ஓரமாகத் தார்ப்பாய்க்கு அடியில் போயின. ஷெட்டின் ஜன்னல் பாதி மெஷினுக்கு, அந்தப் பாதி கோழிகளுக்கு, நடுவில் கம்பிவலை. எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். நாற்றம் இருக்கிறது. தைத்த துணியைப் பெட்ஷீட் போட்டு மூடி வைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் கடைக்காரர் வந்து, "டெய்லரம்மா, நைட்டி பாக்கெட்டுக்குள்ள இறகு கிடக்குதே?" என்று கேட்டார். "அது இனாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கம்பிவலை பெரிய கோழிக்குத்தான் தடை. குஞ்சுகள் கண்ணி வழியாக இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன. மெஷின் மிதிக்கு அடியில் நிழலாக இருக்கிறது என்று அங்கே போய்ப் படுத்துக்கொள்கின்றன. அதனால் டெய்லரம்மா இப்போதெல்லாம் காலை மிதியில் வைப்பதற்கு முன் ஒருதரம் குனிந்து பார்க்கிறாள். எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் சரி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறாள்.